பூண்டு போடாத இறைச்சி

இயேசு மரி சூசை துணை

பலேர்மோ
19.01.1997

அன்புள்ள தம்பி கொட்வினுக்கு,

அக்கா யூலியானா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். முழங்கால் மட்டும் குளிருக்கு முறைத்துக்கொண்டு நிற்கிறது. கொரியாவில் உன் சாப்பாடு, நித்திரை எல்லாம் எப்படி? அந்த இரும்புத் தொழிற்சாலையில் கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறாயா? உண்மையை எழுது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னைக் கேட்க நான் ஒருத்திதானே.

இப்போது கேட்கப் போவதை வாசித்துவிட்டுச் சிரிக்காதே. கொரியாக்காரர் வீட்டில் இறைச்சி எப்படிச் சமைக்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

நான் வேலைக்கு நிற்கும் வீட்டுச் சிஞ்ஞோரா கொரியாக்காரி என்று முந்தி எழுதினேன். பெயர் சூன்ஜா. கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் சீனாக்காரி. எங்களையே துருக்கிக்காரர் என்கிற சனம்தானே, என்ன செய்யலாம். இளமையில் ஜெர்மனிக்கு நர்ஸாகப் போய், அங்கே வேலைக்கு வந்திருந்த பலேர்மோக்காரரைக் கட்டி இங்கே வந்தவள். அந்த மனுசன் இருந்தவரை கொரியாச் சமையலின் மணமே வீட்டுக்குள் கூடாதாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த பிறகு சிஞ்ஞோரா எதைக் கொடுத்தாலும் தள்ளுகிறாள். அவளுடைய அம்மா செய்த இறைச்சி வேண்டுமாம். எப்படிச் செய்வது என்று கேட்டால் தெரியாது. சின்ன வயதிலேயே வீட்டை விட்டவள். நாக்குக்கு ஞாபகம் இருக்கிறது, கைக்கு இல்லை.

மகன் மிலானோவில். "அம்மா சாப்பிடாட்டி கன்னியாஸ்திரிமாரின்ரை வயோதிப மடத்திலை கொண்டுபோய் விடுவன்" என்று போனில் சொல்லிவிட்டான். அவள் மடத்துக்குப் போனால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் ஜோக்கிமை இங்கே கூப்பிட குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் விண்ணப்பம் போட முடியாது. மடு அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடக்கும் உன் அத்தானின் விதி இப்போது இந்த மனுசியின் வயிற்றில் இருக்கிறது. ஆகவே கெதியாக எழுது.

அன்புடன் உன் அக்கா
யூலியானா


அன்சான்
09.02.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கொட்வின் நலம். நீங்களும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். கையுறை போடுகிறேன், சத்தியமாக. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசுங்கள். இங்கே பனி கொட்டுகிறது. பைப்பில் தண்ணீர் உறைந்துபோனதால் இரண்டு நாளாக ஒருவரும் குளிக்கவில்லை.

எங்கள் கன்ரீனில் சமைக்கும் அஜூமாவிடம் கேட்டேன். அஜூமா என்றால் இங்கே மாமி மாதிரி. எனக்குத் தெரிந்த கொரியப் பாஷைக்கு இறைச்சி, உப்பு, சம்பளம் மூன்றும்தான் வரும். மிச்சத்தை அவள் கையைப் பிடித்துக் காட்டினாள்.

புல்கொகி என்று ஒன்று. மாட்டிறைச்சியைத் துணி மாதிரி மெல்லிசாக வெட்ட வேண்டும். சோயாச் சோஸ், சீனி, இடித்த பூண்டு, வெங்காயம், நல்லெண்ணெய், துருவிய பியர்ஸ் பழம் எல்லாம் போட்டுப் பிசைந்து ஊற வைத்து, சூடான சட்டியில் சட்டென்று பிரட்டி எடுக்க வேண்டும். இறைச்சிக்குப் பழமா என்று கேட்டேன். பழம்தான் இறைச்சியை மெதுவாக்கும் என்று என் தலையில் அகப்பையால் தட்டினாள்.

அத்தானுக்குக் கடிதம் போட்டால் என்னையும் விசாரித்ததாக எழுதுங்கள். எனக்கு முதல்முதல் வள்ளம் வலிக்கப் பழக்கியவர் அவர்தானே.

அன்புத் தம்பி
கொட்வின்


இயேசு மரி சூசை துணை

பலேர்மோ
02.03.1997

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கும் சேர்த்து அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஆனால் உன் புல்கொகி சந்தி சிரித்துவிட்டது.

இறைச்சிக் கடைக்காரன் இங்கே மெல்லிசாக வெட்டுவதில் கெட்டிக்காரன். அதில் பிழை இல்லை. சோயாச் சோஸ் ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் சீனாக்காரன் கடையில் வாங்கினேன். பிழை எல்லாம் என் கையில். இறைச்சியைக் கழுவினதும் கை தன்பாட்டில் மஞ்சள் பூசிவிட்டது. மஞ்சள் பூசாத இறைச்சியை நான் பிறந்ததிலிருந்து அடுப்பில் வைத்ததில்லை. போதாததற்கு அன்றைக்கு வெள்ளிக்கிழமை, தவக்காலம். இறைச்சியை வாயில் வைக்கக் கூடாது என்று உப்புப் பார்க்காமல் இறக்கினேன். சோயாச் சோஸிலேயே உப்பு இருக்கிறதென்று எனக்கு யார் சொன்னது?

சிஞ்ஞோரா கோப்பையைப் பார்த்து, "இது ஆர் செத்து மஞ்சளாப் போனது?" என்று கேட்டாள். ஒரு வாய் வைத்தாள். கடல் தண்ணீர் என்று துப்பினாள். ஆனால் அக்கா விடமாட்டேன். அவள் சிரித்தாள், தம்பி. நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன்.

வேறு ஏதாவது கேட்டு எழுது. எலும்போடு செய்யும் ஒன்றைப் பற்றிச் சொல்கிறாள். பெயர் வரவில்லை. கை இரண்டையும் விரித்து, "இனிப்பு, கறுப்பு" என்கிறாள்.

குவெஸ்தூராவுக்குப் போய் வரிசையில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். வேலை தருகிறவர் என்று சிஞ்ஞோராவின் மகன் போட வேண்டிய கையெழுத்து ஒன்று குறைகிறதாம். அவன் பாஸ்காவுக்கு வருவான். அப்போது தாய் சாப்பிடுவதை அவன் கண்ணால் காண வேண்டும்.

அக்கா யூலியானா


அன்சான்
30.03.1997, பாஸ்கா ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள்.

நலம். மஞ்சள் கதையை அஜூமாவுக்குச் சொன்னேன். அவள் சிரித்ததில் சோற்றுப் பானை கவிழப் பார்த்தது.

சிஞ்ஞோரா கேட்பது கல்பிஜிம். மாட்டு விலா எலும்பை இறைச்சியோடு துண்டு துண்டாக வெட்டுவித்து, பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற விட்டு இரத்தத்தை இறக்க வேண்டும். மஞ்சள் வேண்டாம், கையைக் கட்டிப் போடுங்கள். ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, சோயாச் சோஸ், பூண்டு, இஞ்சி, சீனி, பியர்ஸ், முள்ளங்கி போட்டு மெல்லிய நெருப்பில் வேக விட வேண்டும். இலந்தைப் பழம் மாதிரி ஒன்றை உலர்த்தி வைத்திருக்கிறார்கள், அதுவும் போடுகிறார்கள். நல்லெண்ணெயும் எங்களுடைய எண்ணெய் சரிவராதாம். எள்ளைக் கறுக்க வறுத்து ஆட்டியதுதான் மணக்கும். கிடைக்காவிட்டால் எள்ளை வறுத்து இடித்துத் தூவுங்கள்.

தவக்காலம் முடிந்தது. இனி உப்புப் பாருங்கள்.

அன்புத் தம்பி
கொட்வின்


இயேசு மரி சூசை துணை

பலேர்மோ
27.04.1997

என் தங்கத் தம்பிக்கு,

சுகம், சுகம், நல்ல சுகம்! நீயும் அப்படியே இரு. சிஞ்ஞோரா சாப்பிட்டாள்.

மகன் பாஸ்காவுக்கு வரவில்லை, போன கிழமைதான் வந்தான். உன் கடிதமும் அதற்கு முதல் நாள்தான் வந்தது. மாதா செய்த வேலை. இலந்தைக்கு எங்கே போவது, பேரீச்சம்பழம் போட்டேன். எள்ளு வறுத்த மணத்துக்கு மேல்வீட்டுக்காரி கதவைத் தட்டி, வீடு எரிகிறதா என்று கேட்டாள். சிஞ்ஞோரா எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தாள். பிறகு கொரியப் பாஷையில் ஏதோ சொன்னாள். அந்தப் பெடியனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அவள் கண்ணால் தண்ணீர் ஓடியது. மகன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். மடத்துக் கதை இப்போதைக்கு இல்லை.

அத்தானின் கடிதம் வந்தது, மாசி மாதம் எழுதியது. சிஞ்ஞோராவின் சமையல் கதையை அவருக்கும் எழுதியிருந்தேன். மனுசனுக்கு முகாமில் கிடந்தும் பகிடி போகவில்லை. "அந்தக் கொரியா இறைச்சியை நான் வந்தாப் பிறகு எனக்கும் ஆக்கித் தாரும். ஆனா உறைப்புப் போடும். உறைப்பில்லாட்டி எனக்குத் தொண்டைக்குக் கீழை இறங்காது எண்டு தெரியும்தானே" என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் பாதை பூட்டு, பாஸ் கிடைக்கவில்லை, கொழும்புக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுக்க வழியில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்று எழுதினதுதான் எனக்குக் கொதி கிளப்பியது. இங்கே நான் ஒருத்தி விலா எலும்பு அவித்துக் கையெழுத்து வாங்குகிறேன். அவர் பொறுக்கிறாராம். "தரையாலை ஏலாட்டி கடலாலை வாருங்கோ. வள்ளக்காரன் எண்டு பேர் மட்டும்தானோ?" என்று சுடச்சுட எழுதிப் போட்டேன். முகாமுக்கு வந்துபோகும் சாமியார் ஒருவரின் கையில் கிடைக்கும்படி அனுப்பினேன். அப்படி எழுதினால்தான் மனுசன் எழும்புவார்.

உன்னை நினைத்து மகிழும்
அக்கா யூலியானா


இயேசு மரி சூசை துணை

பலேர்மோ
08.06.1997

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை. மே மாதம் முழுக்கத் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக் கை அலுத்துவிட்டது. கையில் ஏதும் பட்டதா? மெஷினில் மாட்டிவிட்டதா? என்னவென்றாலும் எழுது. ஒளிக்காதே.

சிஞ்ஞோரா மறுபடி சாப்பாட்டைக் குறைக்கிறாள். கல்பிஜிம் இனிக் கனமாம், வயிறு தாங்காதாம். மெல்லிசாக, தெளிவாக ஒன்று வேண்டும் என்கிறாள். அஜூமாவிடம் கேட்டுப் பார்.

அத்தானிடமிருந்தும் சத்தமில்லை. நீர்கொழும்பில் இருக்கும் அவருடைய தங்கை ஸ்ரெல்லாவுக்கு ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் இருந்து போன் எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, அவள் இல்லை என்று வைத்துவிட்டார்கள். மூன்று பக்கமும் மௌனம். நான் என்ன சுவரோடா கதைப்பது?

அக்கா


அன்சான்
29.06.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கையில் ஒன்றும் படவில்லை. வேலை கூட, அதுதான் எழுத முடியவில்லை. கோபிக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அஜூமா எனக்கென்று தனியாக ஒன்று சமைத்தாள். நான் கேட்கவில்லை. அதை எழுதுகிறேன். வேறொன்றும் இப்போது எனக்கு எழுத வரவில்லை.

மாட்டிறைச்சியை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, குச்சியில் கோத்து, சோயாச் சோஸும் வறுத்த எள்ளெண்ணெயும் மட்டும் தடவி வாட்டினாள். பூண்டு இல்லை. மிளகாய் இல்லை. இரண்டும் கூடவே கூடாது என்றாள். இன்னொரு சட்டியில் இறைச்சியும் முள்ளங்கியும் போட்டுத் தெளிந்த சூப். அதிலும் பூண்டு இல்லை. வெள்ளைச் சோற்றைக் கிண்ணத்தில் கோபுரமாகக் குவித்து நடுவில் கரண்டியை நேரே குத்தி நிறுத்தினாள். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு என்னைச் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன்.

மெல்லிசுதான். சிஞ்ஞோராவுக்கு ஒத்துக்கொள்ளும்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அக்கா. தனியாக இருக்க வேண்டாம். கோயிலுக்குப் போனால் எங்களூர்ப் புனிதமலர் அக்காவோடு இருந்துவிட்டு வாருங்கள்.

கொட்வின்


இயேசு மரி சூசை துணை

பலேர்மோ
20.07.1997

என் அன்புத் தம்பிக்கு,

சுகமோ சுகம்! வாசிக்க முதல் கதிரையில் இரு. குவெஸ்தூராவில் நுள்ளா ஓஸ்தா தந்துவிட்டார்கள். ஜோக்கிம் வரலாம் என்று முத்திரை குத்திய அனுமதி! படியில் நின்றே அழுதேன். காவலுக்கு நின்ற பொலிஸ்காரன், "என்ன சிஞ்ஞோரா, இல்லை எண்டிட்டாங்களோ?" என்று கேட்டான். "தந்திட்டாங்கள், அதுதான் அழுறன்" என்றேன்.

வெயில் கொளுத்துகிறது. சிஞ்ஞோரா பால் மட்டும் குடிக்கிறாள். அதனால் நீ எழுதினதை இன்னும் சமைக்கவில்லை. குளிர்ந்தபின் செய்கிறேன். பூண்டில்லாமல் இறைச்சியா என்று எனக்கே கேள்வி. அத்தான் கேட்டால் ஓடிவிடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு பூசைக்குப் பிறகு எங்கள் தமிழ்ச் சனத்துக்கு இந்த நல்ல செய்தியைச் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. புனிதமலர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு வந்தது அவர்களுக்குப் பொறாமையாக இருக்கிறது போல. சனத்தின் கண் பொல்லாதது. வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன்.

பிரான்காச்சோவில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் வந்து போகலாம். இரண்டு பேருக்குக் காணும். யன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. ஆனால் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கும். அத்தான் எட்டிப் பார்க்கட்டும்.

அக்கா யூலியானா


அன்சான்
10.08.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனுமதி கிடைத்த செய்தி வாசித்தேன். அறைக்கு இப்போது முற்பணம் கொடுக்க வேண்டாம். ரிக்கற்றும் எடுக்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

இதற்கு மேல் எழுத இருந்தேன். பெல் அடித்துவிட்டது.

கொட்வின்


பலேர்மோ
31.08.1997

கொட்வின்,

நேற்றுச் சமைத்தேன்.

நீ எழுதினது எழுதினபடி. இறைச்சியைத் தட்டிக் குச்சியில் கோத்தேன். பூண்டு போடவில்லை. மிளகாய் போடவில்லை. உப்புச் சரியா என்று சூப்பில் ஒரு கரண்டி, இறைச்சியில் ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்தேன். சோற்றைக் குவித்துக் கரண்டியைக் குத்தி நிறுத்தி, பல்கனிப் பக்கம் மேசையில் சிஞ்ஞோராவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் ஊதிக்கொண்டிருந்தது.

அவள் தொடவில்லை. கரண்டியைப் பார்த்தாள். இறைச்சியை மணந்து பார்த்தாள். "பூண்டு போடேல்லையோ?" என்றாள். "இல்லை, தம்பி வேண்டாமெண்டு எழுதினவன்" என்றேன். "தம்பிக்கு உதை ஆர் சமைச்சுக் குடுத்தது?" "கன்ரீன் மனுசி." என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"உன்ரை தம்பிக்கு ஆர் செத்தது?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன், கொட்வின். "ஒருதரும் சாகேல்லை சிஞ்ஞோரா" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றில் கரண்டி குத்தி நிறுத்துவது செத்தவருக்கு மட்டும்தானாம். பூண்டும் மிளகாயும் போட்டால் செத்தவர் வீட்டுக்குள் வரமாட்டார்களாம், அதனால்தான் போடுவதில்லையாம். வேறு நாளில் இப்படி ஒருவரும் வைப்பதில்லையாம்.

அப்பா போய்ப் பதினாறு வருசம். அம்மா தொண்ணூறில் போய்விட்டா. உனக்கு உலகத்தில் நானும் அத்தானும்தான். நான் உயிரோடு கதிரையில் இருக்கிறேன்.

புனிதமலர் ஏன் அழுதாள் என்று இப்போது விளங்குகிறது. இங்குள்ள எங்கள் சனத்துக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. நான் எல்லோருக்கும் முன்னால் அனுமதிக் கடிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். என் மனுசனின் செத்தவீட்டுச் சோற்றுக்கு நானே உப்புப் பார்த்திருக்கிறேன்.

சமையல் எழுதி அனுப்பாதே. திகதியை எழுது. பூசை கொடுக்க வேண்டும்.

யூலியானா


அன்சான்
14.09.1997

அக்கா,

மே மாதம் 24ஆம் திகதி, சனிக்கிழமை.

விடத்தல்தீவிலிருந்து மன்னாருக்கு வள்ளத்தில் போயிருக்கிறார். கொழும்புக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுக்க. ஐந்து பேர் போனார்கள். வள்ளம் கவிழ்ந்ததா, நேவி சுட்டதா, தெரியாது. ஒருவரும் தப்பவில்லை. அத்தானை மட்டும் கரையில் எடுத்துப் பேசாலையில் அடக்கம் செய்தார்கள். ஸ்ரெல்லா எனக்கு எழுதி, அக்காவுக்கு நீதான் சொல்ல வேண்டும் என்றாள்.

ஏன் போனார் என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால்தான் என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் ஏப்ரலில் அவருக்கு என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் எழுதியிருந்தீர்கள்.

அஜூமா யாருக்காகச் சமைத்தாள் என்று எனக்குத் தெரியும், அக்கா. அதை வேறு நாளில் சமைக்கமாட்டார்கள் என்பது தெரியாது. எங்கள் செத்தவீட்டில் மரக்கறிதானே சமைப்பது. இறைச்சியைக் கண்டதும் எனக்கு அது ஒரு சாப்பாடு என்றுதான் தோன்றியது. உங்களுக்கு எழுதக் கடதாசி எடுத்தால் கை அந்தச் சமையலை மட்டும்தான் எழுதியது.

வர வழியில்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம்.

தம்பி


பலேர்மோ
02.11.1997, இறந்தோர் திருநாள்

தம்பி கொட்வினுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். கையுறையைக் கழற்றாதே. என் சுகத்தைக் கேட்டு இனி எழுத வேண்டாம்.

இது உன் பிழை இல்லை. யாருடைய பிழை என்று எனக்குத் தெரியும். அவர் பொறுப்போம் என்றவர். நான்தான் கடலால் வரச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்குச் சொன்னேன். "நீ அன்பாலை சொன்னது" என்றார். நான் கோபத்தில் சொன்னது. அவருக்குத் தெரியாது, ஜோக்கிமுக்குத் தெரியும்.

சிஞ்ஞோரா சாப்பிடுவதை விட்டுவிட்டாள். கிறிஸ்மஸுக்கு முதல் மகன் வந்து மடத்துக்குக் கூட்டிப் போகிறான். வேலை முடிகிறது. முந்தியென்றால் பயந்திருப்பேன்.

இந்த ஊரில் இன்றைக்குச் செத்தவர்கள் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுவருவார்களாம். கடையெல்லாம் பழம் மாதிரிச் செய்த இனிப்பு. காலையில் பூசை கொடுத்தேன். பிறகு சிஞ்ஞோரா கேட்டாள், "உன்ரை மனுசனுக்கும் என்ரை மனுசனுக்கும் சேர்த்து வைப்பமோ?" என்று. சாமியார் அறிந்தால் ஏசுவார். சரி என்றேன். இரண்டு கிண்ணம் சோறு குவித்தேன். அவள் கரண்டிகளை நிறுத்தினாள்.

இறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். கை போய் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்துவிட்டது. போட்டால் அவர் உள்ளே வரமாட்டார் என்கிறாள் சிஞ்ஞோரா. போடாவிட்டால் அவருக்குத் தொண்டைக்குக் கீழே இறங்காது. மூடியைத் திறந்தேன். மூடினேன். திரும்பத் திறந்தேன். டப்பாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன், தம்பி. இறைச்சி கருகிவிட்டது.

அக்கா
யூலியானா